குளிசை கொடுப்பது அவிசுவாசமா? சுகப்படுத்தல்களைப் பற்றி ஒரு தாய்க்குப் பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறோம். என் மகனுக்கு 13 வயது. வலிப்பு நோய்க்காக இரண்டு வருடங்களாகக் குளிசை எடுத்து வருகிறான். கடந்த மாதம் அயல் வீட்டு அக்கா எங்களைச் சுகமளிக்கும் கூட்டமொன்றுக்குக் கூட்டிச் சென்றார். அங்கே பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்த ஊழியர், இது அசுத்த ஆவியின் வேலை என்றும், ஆவி போய்விட்டது என்றும், இனிமேல் குளிசை கொடுத்தால் அது அவிசுவாசம் என்றும் சொன்னார். நான் நிறுத்திவிட்டேன். ஒன்பதாம் நாள் பிள்ளை குளியலறையில் விழுந்து, நெற்றியில் தையல் போடவேண்டியதாயிற்று. அவரிடம் போய்ச் சொன்னபோது, எனக்கு விசுவாசம் போதாது, வீட்டில் மறைவான பாவம் இருக்கலாம் என்றார். இப்போது குளிசையை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். இயேசு சுகப்படுத்தினார் என்பது உண்மையானால் என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை? அந்த அற்புதங்களுக்கு அர்த்தம்தான் என்ன? "ஆண்டவருக்கு என்னைப் பிடிக்காதா அம்மா?" என்று மகன் கேட்கிறான்.
ஒரு தாய், கொழும்பு 13

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

குளிசையை மறுபடி ஆரம்பித்தது சரி. வேதத்தைப் பற்றிப் பேசுமுன் இதை எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் காத்திருக்க முடியாத விஷயம் இது ஒன்றுதான். வலிப்புக்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் விட்டு விட்டு வந்த வலிப்பு விடாமல் தொடரும் ஆபத்து உண்டு; அது உயிருக்கே தீங்காகலாம். எனவே இடையில் விடுபட்ட அந்த நாட்களைப் பற்றி, அடுத்த தவணை வரை காத்திராமல், கிளினிக்கில் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தினால் மறைத்துவிடாதீர்கள். வைத்தியசாலை வார்ட்டுகளில் நோயாளிகளோடு ஜெபிப்பதையும், இறையியல் மாணவர்களுக்குப் புதிய ஏற்பாட்டைக் கற்பிப்பதையும் என் ஊழியமாகக் கொண்டவன் நான். இந்த இரண்டு வேலைகளும் எனக்குக் கற்றுத்தந்தவற்றைக் கொண்டே மற்றக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

அந்த ஊழியர் உங்களுக்கு எந்த வேதப் பகுதியை வாசித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அது மாற்கு 9ஆம் அதிகாரமாக இருக்கலாம். வலிப்பினால் விழுந்து, நுரைதள்ளி, பல்லைக் கடித்து, விறைத்துப்போகும் ஒரு பையனை அவனுடைய தகப்பன் இயேசுவிடம் கொண்டுவரும் சம்பவம் அது. உங்கள் வீட்டுக் கதையோடு இவ்வளவு நெருங்கிய வேறொரு பகுதி சுவிசேஷங்களில் இல்லை. ஆகவே அதை உங்களோடு சேர்ந்து மெதுவாக வாசிக்க விரும்புகிறேன், ஏனெனில் உங்களுக்குச் சொல்லப்பட்டதற்கு நேர்மாறான ஒன்றை அந்தப் பகுதி சொல்கிறது.

பையனைக் கண்டவுடன் இயேசு தகப்பனிடம், "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று" என்று கேட்கிறார். கிளினிக்கில் வைத்தியர் உங்களிடம் முதலில் கேட்ட கேள்வியும் அநேகமாக இதுவாகத்தான் இருந்திருக்கும். சிறுவயது முதற்கொண்டே உண்டு என்றும், இவனைக் கொல்லும்படிக்கு அது அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் தள்ளிற்று என்றும் தகப்பன் சொல்கிறான். சமையலறை அடுப்புக்கும் குளியலறைக்கும் பயந்து வாழும் தாய்மார் எல்லோருக்கும் அந்த வாக்கியத்தின் பாரம் தெரியும். இயேசு அவனுடைய பாவத்தைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டில் மறைத்துவைத்தது என்ன என்றும் கேட்கவில்லை. எவ்வளவு காலமாக இந்தப் பாரத்தைச் சுமக்கிறாய் என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை செவிகொடுக்கிறார். விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று அவர் சொன்னபோது, தகப்பன் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். தன்னிடம் இருப்பது பாதி விசுவாசம்தான் என்பதை இதைவிட வெளிப்படையாக யாரால் சொல்ல முடியும்? மீதிப் பாதியைக் கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பாதியோடேயே பிள்ளை சுகமடைகிறான்.

இதே சம்பவத்தில் விசுவாசக் குறைவுக்காகக் கண்டிக்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். தாங்கள் முயன்றும் ஏன் முடியாமற்போனது என்று சீஷர்கள் தனியாக வந்து கேட்கும்போது, "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்று இயேசு பதிலளிப்பதாக மத்தேயு 17ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த வார்த்தை ஜெபித்துப் பலன் காணாதவர்களுக்குச் சொல்லப்பட்டது. பிள்ளைக்கோ பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பனுக்கோ அது சொல்லப்படவில்லை. ஆகவே ஜெபித்தும் சுகம் வராத வேளையில் தன்னைச் சோதித்துப் பார்க்கவேண்டிய கடமை என்னைப் போன்ற ஊழியர்களுக்குத்தான் முதலில் உண்டு. அந்தப் பாரத்தை எடுத்து ஒரு தாயின் தலையில் வைப்பது இந்தப் பகுதியைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

ஆனால் சுவிசேஷமே அங்கே ஆவியைப் பற்றித்தானே பேசுகிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, மாற்கும் லூக்காவும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மத்தேயுவும் முடிவில் பிசாசு புறப்பட்டதாகவே சொல்கிறார். அதை நான் மழுப்ப விரும்பவில்லை. நோய்களுக்குப் பின்னால் ஆவிகளைக் கண்ட ஓர் உலகத்தில், அந்த மக்களின் மொழியிலேயே சுவிசேஷங்கள் எழுதப்பட்டன. ஆயினும் அதே மத்தேயு, தகப்பனின் வாயில், "அவன் சந்திரரோகியாய்க் கொடிய வேதனைப்படுகிறான்" என்ற சொற்களையும் வைக்கிறார். வலிப்புக்கு அக்காலத்தவர் வழங்கிய பெயர் அது. மேலும் 4ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தில், இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களை அவர் எண்ணும்போது, பிசாசுபிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாகவே எண்ணுகிறார். வலிப்பு என்றாலே பிசாசுதான் என்று மத்தேயு கருதியிருந்தால் அவர்களை வேறொரு கூட்டமாகப் பிரித்திருக்கத் தேவையில்லை. இந்த நோய்க்குக் காரணம் மூளையில்தான் இருக்கிறது என்று கிரேக்க மருத்துவ நூலொன்று கி.மு. 400 அளவிலேயே வாதிட்டிருக்கிறது. ஒரு பிள்ளையைப் பார்த்து, உனக்குள் அசுத்த ஆவி இருக்கிறது என்று சொல்லுமுன் நாங்கள் எவ்வளவு நடுங்கவேண்டும்! வலிப்பு வந்து போய்விடும். அந்த வார்த்தையோ பிள்ளையின் மனதில் வருடக்கணக்கில் நிற்கும். உங்கள் மகனின் கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

மறைவான பாவம் என்ற பேச்சுக்கு இயேசுவே இரண்டு இடங்களில் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியை எடுத்து, எருசலேமில் குடியிருந்த எல்லாரைப் பார்க்கிலும் அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். கொட்டாஞ்சேனையில் வாழும் உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இறந்தவர்கள் ஆராதனைக்கு வந்தவர்கள். அவர்களுடைய விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? பெதஸ்தா குளத்தருகே சுகம்பெற்ற மனிதனிடம், இனிப் பாவம் செய்யாதே என்று இயேசு சொன்னதைச் சிலர் காட்டுவார்கள். அது சுகம் கொடுத்த பின்பு அந்த ஒருவனுக்குச் சொன்ன எச்சரிப்பு. எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் விதியாக அதை ஆக்கினால், சில அதிகாரங்கள் தள்ளி அதே யோவான் எழுதிய பிறவிக் குருடன் சம்பவம் பொருளற்றதாகிவிடும்.

விசுவாசம் நிறைந்தவர்களுக்கே சுகம் கிடைத்தது என்பதும் சுவிசேஷங்களை ஒழுங்காக வாசித்தால் நிற்காது. ஒரே மகனைப் பறிகொடுத்த நாயீன் ஊர் விதவையிடம் இயேசு எதையும் கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், அவர் மனதுருகி மகனை உயிரோடு எழுப்பினார், அவ்வளவுதான். பெதஸ்தாவில் 38 வருடம் படுத்துக்கிடந்தவன், தன்னைச் சுகப்படுத்தியவர் யார் என்றே அறியாதிருந்தான். கெத்செமனேயில் காது வெட்டப்பட்டவன் அவரைப் பிடிக்க வந்த கூட்டத்தைச் சேர்ந்தவன். அவனையும் தொட்டுச் சொஸ்தமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். நாசரேத்து ஊராரின் அவிசுவாசத்தினால் அங்கே அற்புதம் செய்யக்கூடாமற்போனது மெய்தான். ஆனால் அது அவரை ஏளனமாகத் தள்ளிய ஊரைப் பற்றிய செய்தி. அங்கேயும் சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று அதே வசனம் சொல்கிறது. பிள்ளையை அணைத்துக்கொண்டு உதவி கேட்டு வந்த எவரையும், உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லி அவர் வெறுங்கையோடு அனுப்பியதாக நான்கு சுவிசேஷங்களிலும் ஓரிடம்கூட இல்லை.

அப்படியானால் அந்த அற்புதங்களின் அர்த்தம் என்ன என்ற உங்கள் பிரதானக் கேள்விக்கு வருகிறேன். இயேசு நோயாளிகளைச் சுகப்படுத்தினார் என்று நான் நம்புகிறேன். அவரை எதிர்த்த வேதபாரகர்கூட அதை மறுக்கவில்லை. எந்த வல்லமையால் செய்கிறார் என்பதைப் பற்றித்தான் தகராறு செய்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் அவர் எந்த வைத்தியத்துக்கும் போட்டியாக வந்தவரல்லர். தேவனுடைய ஆட்சி நெருங்கி வந்திருக்கிறது என்று அறிவித்தார். அந்த ஆட்சியில் மனிதருக்கு என்ன நடக்கும் என்பதைச் சிலருடைய உடலில் முன்கூட்டியே காட்டினார். யோவான் தன் சுவிசேஷத்தில் இவற்றை அடையாளங்கள் என்றே அழைக்கிறார். அடையாளம் ஒன்றை நோக்கிக் கைகாட்டும். கைகாட்டப்பட்டது முழுவதும் அங்கேயே வந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அநேக வைத்தியர்களிடம் போய்க் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டாள். லேவியராகமச் சட்டத்தின்படி அவள் தீட்டானவள். அவள் உட்கார்ந்த இடமும் தீட்டு, அவளைத் தொட்டவனும் தீட்டு. கூட்டத்துக்குள் மறைந்து வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். உடனே சுகமும் வந்துவிட்டது. சுகம் மட்டுமே நோக்கமென்றால் கதை அங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் அவர் காப்பாற்றப் போய்க்கொண்டிருந்த யவீருவின் மகள் சாகுந்தறுவாயில் இருக்கும் அந்த அவசரத்திலும் இயேசு நின்று, என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து விழுந்ததும், எல்லோரும் கேட்க, "மகளே" என்று அழைக்கிறார். சுவிசேஷங்களில் அவர் ஒரு பெண்ணை இப்படி அழைக்கும் இடம் இது ஒன்றுதான். "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது, நீ சமாதானத்தோடே போய், உன் வேதனை நீங்கி, சுகமாயிரு" என்கிறார். இந்த வாக்கியத்தில் இரட்சிப்பு, சமாதானம், சுகம் என்று மூன்று சொற்கள் வருகின்றன. கத்தோலிக்க நண்பர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அந்த முதலாவது சொல் குணமாக்கிற்று என்று வருகிறது. இரண்டும் சரியே, கிரேக்க மூலத்திலுள்ள சோட்ஸோ என்ற வினைச்சொல்லுக்கு மீட்பது, காப்பது, நலமாக்குவது என்ற பொருள்கள் எல்லாம் உண்டு. எந்த வியாதியும் இல்லாத, ஊரார் பாவி என்று ஒதுக்கிய மற்றொரு பெண்ணிடமும் இதே வாக்கியத்தை அவர் சொன்னதாக லூக்கா 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே உதிரம் நின்றது அந்தச் சுகத்தின் ஒரு பகுதிதான். ஒதுக்கப்பட்டவள் மகளாக ஊர் நடுவில் நிறுத்தப்பட்டது மறு பகுதி. வலிப்புள்ள பிள்ளைகளைப் பாடசாலையிலும் கலியாணப் பேச்சிலும் நாங்கள் எப்படி நடத்துகிறோம் என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், இந்த மறு பகுதிச் சுகம் எங்களுடைய கைகளில் எவ்வளவு விடப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு செய்தியும் உண்டு. சிறையில் இருந்த யோவான் ஸ்நானன் ஆளனுப்பி, வருகிறவர் நீர்தானா என்று கேட்டபோது, குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள் என்று போய்ச் சொல்லுங்கள் என்றார் இயேசு. ஏசாயா தீர்க்கதரிசி எதிர்பார்த்த காலம் வந்துவிட்டது என்பதே அதன் கருத்து. ஆனால் அந்தப் பதிலைப் பெற்ற யோவானுக்குச் சிறைக் கதவு திறக்கவில்லை. அவர் அங்கேயே வெட்டுண்டு இறந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை.

என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு ஒரு காரணத்தை எழுதித் தந்தால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவனாவேன். பெதஸ்தாவின் ஐந்து மண்டபங்களிலும் திரளான வியாதிக்காரர் படுத்திருந்தார்கள். அன்று எழுந்து நடந்தவன் ஒருவன். மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று யோவான் சொல்லவில்லை. சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில். தன்னோடு பிரயாணம்செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று, தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் ஒரு வரி வருகிறது. வேறு விளக்கம் எதுவும் இல்லாத அந்த ஒரு வரி எனக்குப் பல இரவுகளில் துணையாக இருந்திருக்கிறது. ஊழியத்துக்கு வந்த ஆரம்ப வருடங்களில், கட்டிலில் கிடந்த ஒரு மனிதருக்காக ஜெபித்துவிட்டு, அவருடைய மனைவியிடம், விசுவாசமாயிருங்கள், எழுந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அவர் இறந்தார். சில மாதங்களின் பின் அந்த அம்மா என்னிடம் வந்து, "நான் சரியாக விசுவாசிக்கவில்லையா ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவருடைய நெஞ்சில் வைத்தவன் நான்தான். அன்றிலிருந்து யாருடைய கட்டிலருகிலும் நான் அப்படிப் பேசியதில்லை.

சிலுவையண்டையில் நின்றவர்கள், "மற்றவர்களை இரட்சித்தான், தன்னைத்தான் இரட்சித்துக்கொள்ளத் திறனில்லை" என்று ஏளனம் செய்தார்கள். உதிரப்போக்குள்ள பெண்ணுக்குச் சொல்லப்பட்ட அதே வினைச்சொல்தான் அங்கேயும் வருகிறது. சுகப்படுத்தியவரே சுகமில்லாதவராய்த் தொங்கிய அந்த இடத்தை விட்டுவிட்டு அற்புதங்களை மட்டும் எடுத்துப் பிரசங்கித்தால், சுகம் கிடைக்காதவர்களுக்குச் சபையில் இடமில்லாமற்போய்விடும்.

குளிசையைப் பற்றி வேதம் அதிகம் பேசாவிட்டாலும் பேசும் இடங்களில் தயங்கவில்லை. நல்ல சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனத்துக்காகவும் பவுல் ஒரு மருந்து சொன்னார். இன்னும் ஜெபி என்று மட்டும் எழுதவில்லை. பவுலோடு பிரயாணம்செய்த லூக்காவுக்குப் பிரியமான வைத்தியன் என்று பெயர். எங்கள் தேசத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு மிஷனரியாக வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தமிழில் நூலாக்கினார். இயேசுவை நம்பி ஊழியத்துக்கு வந்தவர் அவர். தமிழ் மாணவனின் கையில் சத்திரக் கத்தியைக் கொடுப்பது அந்த நம்பிக்கைக்கு விரோதம் என்று அவர் எண்ணவில்லை. வலிப்பு நோயுள்ளவர்களில் சரியான சிகிச்சை பெற்றால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. பிள்ளையைத் தீயிலும் தண்ணீரிலும் தள்ளும் ஒன்றுக்கு எதிராக இயேசு நின்றார். காலையும் இரவும் தவறாமல் நீங்கள் கொடுக்கும் குளிசையும் அதே பக்கத்தில்தான் நிற்கிறது. வலிப்பில்லாமல் வருடங்கள் கழிந்தபின் மருந்தைக் குறைப்பதா என்பதை வைத்தியரே பார்த்துத் தீர்மானிப்பார்.

வார்ட்டுகளில் கண்டுகொண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு வரும்போது கையில் சாவியோ இரும்போ திணிக்கவேண்டாம், வாய்க்குள் எதையும் வைக்கவேண்டாம். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள்.

இனி ஜெபத்துக்காகப் பிள்ளையைக் கொண்டுபோகவே கூடாதா? கொண்டுபோங்கள். நானும் நோயாளிகள்மேல் கைவைத்து ஜெபிக்கிறேன். சுகம் தாரும் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன். எதிர்பாராத சுகத்தை நான் கண்டதும் உண்டு. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லுகிறவரிடமும், சுகம் வராதபோது குற்றத்தை உங்கள் வீட்டில் தேடுகிறவரிடமும் பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்காதீர்கள். தன்னால் சுகமான குஷ்டரோகியைக்கூட, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்று இயேசு அனுப்பினார். சுகமானதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அக்காலத்தில் ஆசாரியனுக்கே இருந்தது. அந்தப் பொறுப்பு இன்று வைத்தியருடையது. அயல் வீட்டு அக்காவோடு கோபித்துக்கொள்ளவேண்டாம். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கிய நான்கு பேரைப் போல, உங்கள் பாரத்தைத் தூக்கத்தான் அவர் வந்தார்.

கடைசியாக, மகனின் கேள்வி. இதற்கு நீண்ட விளக்கம் சொல்லாதீர்கள். மாற்கு 9ஆம் அதிகாரத்தை அவனோடு இருந்து வாசியுங்கள். உன்னைப் போல ஒரு பையன் வேதத்தில் இருக்கிறான் என்று காட்டுங்கள். அவன் விழுந்து செத்தவனைப் போலக் கிடந்தபோது, அநேகர் செத்துப்போனான் என்று சொன்னபோது, இயேசு என்ன செய்தார் என்று அவனே வாசிக்கட்டும்: அவனுடைய கையைப் பிடித்து, அவனைத் தூக்கினார். குளியலறையில் அவனைத் தூக்கியது உங்கள் கை என்பதையும் அவன் அறிந்திருக்கிறான்.

அவன் விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் அழைத்து வாருங்கள். பத்திரிகை அலுவலகத்தில் கேட்டால் சபையின் விலாசம் தருவார்கள். அவனோடு சற்று நேரம் பேசி, அவன் சம்மதித்தால் கைவைத்து ஜெபிக்கிறேன். புறப்படுமுன் காலைக் குளிசையைக் கொடுத்துவிடுங்கள்.